பெருவிலங்கு வேட்டையில் அம்பின் எடைத் தேர்வு: புறநானூறு 152ஆம் பாடலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வில்லால் பெருவிலங்கை வேட்டையாடுவோர் அம்பின் எடையை எவ்வாறு தேர்கின்றனர், அத்தேர்வுக்கு அடிப்படையான இயற்பியல் யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரே வில்லிலிருந்து செல்லும் அம்புகளுள் எடை மிக்கது வேகம் குறைந்து செல்லினும் உடலுள் ஆழ்ந்து புகும் ஆற்றலில் மேம்பட்டு நிற்பதற்குரிய காரணங்கள் கணக்கீட்டுடன் காட்டப்படுகின்றன. அவ்விளக்கத்தின் துணையுடன் வல்வில் ஓரியின் வேட்டையைப் பாடும் புறநானூறு 152ஆம் பாடலும், யானையையும் அம்பையும் இணைத்துப் பேசும் இரு குறட்பாக்களும் நோக்கப்படுகின்றன. ஓரியின் அம்பு பற்றிய செய்தி மிகையே எனினும், அம்மிகை அம்பின் ஆற்றல் படிப்படியாகத் தேய்தல் என்னும் மெய்யான பட்டறிவின்மேல் கட்டப்பட்டுள்ளது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: அம்பின் எடை, உந்தம், இயக்க ஆற்றல், வல்வில் ஓரி, வன்பரணர், புறநானூறு, திருக்குறள்.

முன்னுரை

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் ஓரியின் வேட்டைத் திறத்தைப் பாடுகிறார். வேடன் ஒருவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமான் கலையை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, அருகிலிருந்த புற்றில் கிடந்த உடும்பில் சென்று செறிந்தது என்பது அப்பாடலின் தொடக்கச் செய்தி. அவ்வேடன் யாரெனப் பாணர் தலைவன் அறியான். எய்தவனது தோற்றத்தையும் அவன் அம்பின் செயலையும் கொண்டே அவன் ஓரியோ என ஐயுறுகிறான். ஆகவே பாடலின் கட்டமைப்பில் அம்பு அணியாக மட்டும் நிற்கவில்லை. வள்ளலை அடையாளம் காட்டும் சான்றாகவும் நிற்கிறது.

இத்தகைய பாடல்களைப் பயிலும்போது இரு போக்குகள் எளிதில் தோன்றுகின்றன. ஒன்று, செய்தியை உயர்வு நவிற்சி எனக் கூறி அத்துடன் அமைதல். மற்றொன்று, பழந்தமிழரின் வில்லாற்றலுக்கு நேரடிச் சான்றாக அதனை அவ்வாறே ஏற்றல். இரு போக்குகளும் எழுப்பாத வினா ஒன்று உண்டு: ஓர் அம்பு ஓர் உடலைத் துளைத்து அப்பாலும் செல்ல வேண்டுமாயின், அவ்வம்பு எத்தகையதாக இருத்தல் வேண்டும்? இவ்வினாவிற்கு வேட்டை வில்லியல் விடை கூறுகிறது. அவ்விடையின் மையம் அம்பின் எடையாகும். இயற்பியல் 'நிறை' எனக் குறிப்பதனையே வழக்கு நோக்கி இக்கட்டுரை 'எடை' எனக் குறிக்கிறது.

1. வில்லின் ஆற்றலும் அம்பின் பங்கும்

நாணை இழுக்கும்போது வில்லாளியின் உழைப்பு வளைந்த வில்லின் கைகளில் ஆற்றலாகத் தேங்குகிறது. நாணை விட்டவுடன் அவ்வாற்றல் முழுவதும் அம்பைச் சேர்வதில்லை. வில்லின் கைகளும் நாணும் தாமும் முன்னோக்கி இயங்க வேண்டியிருத்தலால் ஆற்றலில் ஒரு பகுதியை அவை எடுத்துக்கொள்கின்றன. இப்பகுதியை அம்புடன் சேர்ந்து இயங்கும் ஒரு கற்பனை எடையாகக் கொண்டு கணக்கிடும் முறையை அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக் விளக்கினார். அவரும் ஹிக்மன், நாக்ளர் ஆகியோரும் வில்லியலில் எழுதிய கட்டுரைகள் 1947இல் நூலாகத் தொகுக்கப்பட்டன.

கிளாப்ஸ்டெக்கின் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வில் 55 ஜூல் ஆற்றலைத் தேக்குகிறது என்றும், அதன் கற்பனை எடை 10 கிராம் என்றும் கொள்க. நடுத்தர வலிமையுடைய வில்லுக்கு இவை பொருந்தக்கூடிய மதிப்புகளே. அவ்வில்லில் மூவகை அம்புகளைத் தொடுத்தால் கிடைக்கும் அளவுகள் வருமாறு:

| அம்பின் எடை | வேகம் (விநாடிக்கு) | இயக்க ஆற்றல் | உந்தம் (கி.கி. மீட்டர்/விநாடி) |
|---|---|---|---|
| 20 கிராம் | 60.6 மீட்டர் | 36.7 ஜூல் | 1.21 |
| 30 கிராம் | 52.4 மீட்டர் | 41.3 ஜூல் | 1.57 |
| 45 கிராம் | 44.7 மீட்டர் | 45.0 ஜூல் | 2.01 |

எடை கூடக்கூட வேகம் குறைகிறது. ஆயினும் இயக்க ஆற்றல் குறையவில்லை; சற்று ஏறவே செய்கிறது. எடை மிக்க அம்பு வில்லின் ஆற்றலில் பெரும்பங்கைத் தான் பெறுவதே இதற்குக் காரணம். 20 கிராம் அம்பு தேங்கிய ஆற்றலில் மூன்றில் இரு பங்கைப் பெற, 45 கிராம் அம்பு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெறுகிறது. எஞ்சிய ஆற்றல் வில்லிலேயே அதிர்வாகத் தங்குகிறது. மிக இலேசான அம்பை வலிய வில்லில் தொடுப்பது வில்லுக்கே ஊறு விளைப்பதும், அம்பின்றி நாணை இழுத்து விட்டால் வில் முறியக்கூடுவதும் இதனாலேயே. எனவே வில்லின் வலிமையும் அம்பின் எடையும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை.

2. துளைத்தலைத் தீர்மானிப்பது எது

துப்பாக்கிக் குண்டு கொல்வதும் அம்பு கொல்வதும் வேறு வேறு முறையின. வேட்டைத் துப்பாக்கிக் குண்டு ஆயிரக்கணக்கான ஜூல் ஆற்றலுடன் பாய்ந்து சூழவுள்ள தசையையும் சிதைக்கிறது. அம்பின் ஆற்றலோ சில பத்து ஜூல்களே. அது கூர்முனையால் குருதிக் குழாய்களை அறுத்துக் குருதியிழப்பால் கொல்கிறது. ஆதலின் அம்பு நெஞ்சறையை எட்டி நுரையீரலையோ இதயத்தையோ அறுக்க வேண்டும். இயலுமாயின் மறுபுறமும் வெளிப்பட வேண்டும். இரு புறமும் காயம் திறந்திருப்பின் குருதி விரைந்து வடியும். விலங்கு சென்ற தடத்தையும் காணலாம்.

ஓர் அம்பு எவ்வளவு ஆழம் புகும் என்பது, உடல் அதனை எவ்வாறு தடுக்கிறது என்பதைப் பொறுத்தது. தடையை மூவகையாகப் பிரித்து நோக்கலாம். தடை விசை அம்பின் வேகத்தைப் பொறுத்து மாறாமல் ஒரே அளவாக இருப்பின், புகும் ஆழம் இயக்க ஆற்றலுக்கு நேர் விகிதமாகும். தடை வேகத்திற்கு ஏற்ப வளருமாயின், ஆழம் உந்தத்திற்கு நேர் விகிதமாகும். வேகத்தின் இருமடிக்கு ஏற்பத் தடை வளருமாயின், ஆழம் பெரும்பாலும் எடையையே சார்ந்து அமையும்.

மேற்காட்டிய 20 கிராம் அம்பையும் 45 கிராம் அம்பையும் இம்மூன்று அளவுகோல்களாலும் ஒப்பிட்டால், பின்னது முன்னதைவிட இயக்க ஆற்றலில் 23 விழுக்காடும், உந்தத்தில் 66 விழுக்காடும், எடையில் 125 விழுக்காடும் மிக்கது. தோல், தசை, எலும்பு, ஈரமான உறுப்புகள் எனப் பலவகைத் தடைகள் கலந்ததே விலங்குடல். அதனால் எந்த ஓர் அளவுகோலும் தனித்துப் பொருந்துவதில்லை. வேட்டை வில்லாளிகளிடையே 'ஆற்றலா, உந்தமா' என்னும் நெடிய விவாதம் நிலவுவதன் காரணம் இதுவே. ஆயினும் அளவுகோல் எதுவாயினும் ஒரே வில்லில் எடை மிக்க அம்பே முன்னிற்கிறது. விவாதம் எவ்வளவு முன்னிற்கிறது என்பது பற்றியதேயன்றி எது முன்னிற்கிறது என்பது பற்றியதன்று.

கள அளவில் இதனை விரிவாக ஆராய்ந்தவர் எட் ஆஷ்பி. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் தொடங்கிய தம் ஆய்வுகளின்வழி, கனத்த எலும்பை நம்பத்தக்க வகையில் துளைப்பதற்கு அம்பின் எடை சுமார் 650 கிரெயின் இருத்தல் வேண்டும் என அவர் முன்மொழிந்தார். வில்லியலில் வழங்கும் கிரெயின் அலகில் 15.4 கிரெயின் ஒரு கிராம். எனவே அவ்வளவு ஏறத்தாழ 42 கிராம் ஆகும். இது களப்பட்டறிவால் பெறப்பட்ட எல்லையேயன்றி இயற்பியல் விதி அன்று என்பதை மனங்கொள்ள வேண்டும்.

3. எடைக்குக் கொடுக்கும் விலை

எடை மிகுதல் நன்றெனின் எல்லையின்றி மிகுவிக்கலாமே எனில், அங்ஙனம் செய்ய இயலாது. மெல்லச் செல்லும் அம்பு வழியிலேயே மிகுதியாகத் தாழ்கிறது. காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், 20 மீட்டர் தொலைவில் 20 கிராம் அம்பு 54 செ.மீ. தாழ, 45 கிராம் அம்பு 98 செ.மீ. தாழ்கிறது. 40 மீட்டரில் இத்தாழ்வு முறையே 2.1 மீட்டரும் 3.9 மீட்டரும் ஆகிறது. தாழ்வு மட்டுமே இடராயின் பயிற்சியால் ஈடுசெய்துவிடலாம். தொலைவைத் தவறாக மதிப்பிடுவதே பேரிடர். 23 மீட்டரில் நிற்கும் விலங்கை 20 மீட்டரில் நிற்பதாகக் கருதி எய்தால், இலேசான அம்பு குறிக்குக் கீழே 9 செ.மீ. விலகும், கனத்த அம்பு 17 செ.மீ. விலகும். மானின் நெஞ்சில் இவ்வேறுபாடு நுரையீரலுக்கும் வெறுந்தசைக்கும் இடையிலான வேறுபாடாகலாம்.

ஆகவே எடைத் தேர்வு இரு வினாக்களுக்கு ஒருங்கே விடை காண்பதாகும். எய்யும் தொலைவு யாது? எதிர்ப்படும் உடலின் தடை யாது? மான் போன்ற மெல்லுடல் விலங்கைச் சற்றுத் தொலைவிலிருந்து எய்பவர் நடுத்தர எடையைத் தேர்வர். தோலும் எலும்பும் கனத்த விலங்கை எய்பவர் எடையை மிகுவித்து, அதனால் இழந்த தொலைவை மறைந்து அணுகுதலால் ஈடுசெய்வர். கனத்த அம்பைத் தேர்வது அருகே சென்று எய்யும் துணிவையும் உடன் தேர்வதாகும். குறி தவறியோ ஆழம் போதாமலோ காயத்துடன் ஓடும் விலங்கு நெடுநேரம் துன்புற்று மடியும். எனவே இத்தேர்வில் திறனோடு அறமும் அடங்கியுள்ளது.

4. எடையோடு இணையும் பிற கூறுகள்

எடை எங்குச் சேர்கிறது என்பதும் கருதத்தக்கது. முனைப்பக்கம் எடை கூடினால் அம்பின் சமநிலைப் புள்ளி முன்னோக்கி நகர்கிறது. 75 செ.மீ. நீளமுள்ள அம்பின் சமநிலைப் புள்ளி குதையிலிருந்து 48 செ.மீ. தொலைவில் அமைந்தால், அது நடுப்புள்ளியிலிருந்து 10.5 செ.மீ. முன்னே இருக்கிறது, அதாவது நீளத்தில் 14 விழுக்காடு முன்பாரம் உடையது. முன்பாரம் மிக்க அம்பு எலும்பில் பட்டபோதும் தண்டு அலையாமல் முனையைத் தொடர்ந்து செல்ல முயல்கிறது. ஆயின் முனையெடை கூடும்போது எய்யும் கணத்தில் தண்டு மிகுதியாக வளையும். அதனைத் தாங்கும் விறைப்பு தண்டுக்கு வேண்டும். தண்டு வளைந்து கோணலாகப் புகும் அம்பு எத்துணை எடையுடையதாயினும் தன் உந்தத்தைப் பக்கவாட்டில் வீணாக்கிவிடும். முனையின் கூர்மையும் முறியாத் தன்மையும் இவற்றோடு சேர வேண்டும்.

எடைக்கு மாற்றாக நஞ்சைக் கொண்ட மரபுகளும் உள்ளன. தென்பகுதி ஆப்பிரிக்காவின் சான் மக்கள் வலிமை குறைந்த சிறு வில்லையும் இலேசான அம்பையும் கொண்டே பெருமான்களை வேட்டையாடினர். ஒருவகை வண்டின் புழுவிலிருந்து பெற்ற நஞ்சு கொன்றது. அம்பு அந்நஞ்சைத் தோலுக்குள் சேர்த்தது. கென்யாவின் வாலியங்குலு மக்கள் யானை வேட்டைக்கு மிக வலிய வில்லையும் நஞ்சையும் சேர்த்தே பயன்படுத்தினர். யானையின் தோலையும் தசையையும் கடந்து நஞ்சு உள்ளே சேர்வதற்கே அங்கு வலிய வில் தேவைப்பட்டது.

5. ஓரியின் அம்பு

இவ்விளக்கங்களோடு புறநானூறு 152ஆம் பாடலை அணுகலாம். பாடல் நஞ்சைக் குறிக்கவில்லை. அம்பின் எடையையும் நேராகக் கூறவில்லை. அம்பைக் குறிக்கப் பாடலில் வரும் 'பகழி' என்னும் சொல்லைக் கொண்டு எடையை உய்த்துணர்வதும் பொருந்தாது. அம்பு, கணை, வாளி, பகழி, கோல் முதலிய சொற்கள் எடை வேறுபாட்டைக் காட்டும் கலைச்சொற்களாக வழங்கின என்பதற்குச் சான்று வேண்டும். பாடல் உறுதியாகத் தருவது ஒன்றே: அம்பு தைத்த உயிர்களின் வரிசை.

முதலில், நிகழ்தகவு. மானையோ பன்றியையோ ஓர் அம்பு ஊடுருவி அப்பால் செல்வது வேட்டை வில்லியலில் அரிதன்று. யானையின் உடலோ சில இடங்களில் ஏறத்தாழ 2.5 செ.மீ. தடித்த தோலும் அகன்ற விலா எலும்புகளும் உடையது. அதனை ஊடுருவிய பின்னும் ஒரு புலியைக் கொல்லுமளவு ஆற்றல் அம்பில் எஞ்சும் எனக் கொள்வதற்கு மேற்கண்ட அளவுகள் இடந்தரவில்லை. வில்லின் வலிமையை இருமடங்காக்கினும் நிலை மாறாது. மேலும் அம்பு குருதியிழப்பால் கொல்வதாதலின், தைத்தவுடன் யானை வீழ்வதும் இயல்பன்று. ஆகவே செய்தி மிகையே. அதனை வரலாற்று நிகழ்வாகக் கொள்ளுதல் கூடாது.

அடுத்து, மிகையின் அமைப்பு. வரிசை யானையில் தொடங்கி உடும்பில் முடிகிறது. ஒவ்வோர் உடலைக் கடக்கும்போதும் அம்பு உந்தத்தை இழக்கிறது. எனவே அடுத்துக் கடக்கும் உடல் முன்னதைவிடத் தடை குறைந்ததாக இருத்தல் வேண்டும். பாடலின் போக்கு பெரும்பாலும் இதற்கு இசைகிறது. வரிசை தலைகீழாக அமைந்து உடும்பில் தொடங்கி யானையில் முடிந்திருப்பின், வியப்பு மிகுந்திருக்கும், பட்டறிவு பிழைத்திருக்கும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுகிறது. புள்ளிமான் கலையைவிடக் காட்டுப்பன்றி பெரும்பாலும் எடை மிக்கது. அதன் தோட்புறமும் கடினமானது. அவ்வாறாயின் மானுக்குப் பின் பன்றி வருதல் இறங்கு வரிசையைக் குலைக்கிறது. 'கலை' என்பதற்குக் கடமான் எனப் பொருள் கொண்டால் வரிசை செம்மையாகும். ஆயின் 'புகர்' என்னும் அடை புள்ளியைச் சுட்டுதலின் அப்பொருள் எளிதில் பொருந்தாது. கோட்பாடு செம்மையுற வேண்டும் என்பதற்காகச் சொற்பொருளை வளைத்தல் தகாது. புலவர் எடைக் கணக்கைப் பின்பற்றினார் என்று கூறுவதைவிட, பேருயிரில் தொடங்கிச் சிற்றுயிரில் ஓயும் ஒரு பொதுப் போக்கைப் பின்பற்றினார் என்று கூறுவதே பாடலுக்கு உண்மையானது.

முடிவிடம் இதனினும் குறிப்பிடத்தக்கது. ஓரியின் அம்பு உடும்பில் தைத்து நின்றுவிடுகிறது. கம்பராமாயணத்தின் மராமரப் படலத்தில் இராமன் எய்த அம்பு ஏழு மரங்களையும் துளைத்து அப்பாலும் சென்று மீள்கிறது. அது ஆற்றல் தேயாத தெய்வ அம்பு. ஓரியின் அம்போ மனிதன் எய்தது. ஓரிடத்தில் ஓய்ந்தாக வேண்டியது. வன்பரணர் அவ்வோய்விடத்தைப் புற்று, உடும்பு எனத் துல்லியமாகக் காட்டுகிறார். மிகைக்கு ஓர் எல்லை வகுத்தமையாலேயே அவ்வம்பைக் கொண்டு எய்தவனை மதிப்பிடுதல் பாணனுக்கு இயல்கிறது. எல்லையற்ற அம்பு எய்தவனைப் பற்றி எதனையும் கூறாது.

'வல்வில்' என்னும் அடைமொழியும் இந்நோக்கில் தெளிவுறுகிறது. வலிய வில்லின் ஆற்றல் கனத்த அம்பிலேயே முழுமையாகச் சேரும். எனவே வல்வில் என்னும் சொல் வில்லை மட்டும் புகழ்வதன்று. அதற்கேற்ற அம்பையும் அதனை வலித்து எய்யும் தோளையும் உள்ளடக்கியதாகக் கொள்ளத்தகும்.

6. குறள் தரும் இரு சான்றுகள்

ஓரியின் பாடலை மட்டும் கொண்டு பண்டைத் தமிழர் யானையையும் அம்பையும் எவ்வாறு கருதினர் என முடிவு செய்ய இயலாது. திருக்குறளின் இரு குறட்பாக்கள் வேறொரு நிலையைக் காட்டுகின்றன.

ஊக்கமுடைமை அதிகாரத்தின் 597ஆம் குறள், அம்புகள் பாய்ந்த பின்னும் தளராது தன் பெருமையை நிலைநிறுத்தும் களிற்றை உவமையாக்குகிறது. அங்கு வரும் 'புதை' என்பதற்கு அம்புக்கட்டு எனப் பரிமேலழகர் பொருள் கொள்கிறார். ஒன்றன்று, பல அம்புகள் தைத்தும் யானை உடனே வீழ்வதில்லை. குருதியிழப்பால் கொல்லும் கருவி பேருடலில் மெல்லவே செயற்படும் என்னும் வில்லியல் உண்மையோடு இது முற்றும் ஒக்கிறது.

படைச்செருக்கு அதிகாரத்தின் 772ஆம் குறள் முயலை எய்த அம்பையும் யானையைப் பிழைத்த வேலையும் எதிர்நிறுத்துகிறது. குறிக்கோளின் பெருமையே அதன் கருத்து. ஆயினும் முயலுக்கு அம்பையும் யானைக்கு வேலையும் உரிமையாக்கியது கருதத்தக்கது. ஒரு கிலோகிராம் எடையுள்ள வேலை விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறிவதாகக் கொண்டால் அதன் உந்தம் 15 அலகு. இது மேற்காட்டிய கனத்த அம்பின் உந்தத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல். இரைக்கேற்ற எடை என்னும் தேர்வு இங்குக் கருவித் தேர்வாகவே வெளிப்படுகிறது.

இவ்விரு குறள்களின் அருகில் வைத்து நோக்கும்போதுதான் ஓரியின் புகழ் எதனால் புகழாகிறது என்பது விளங்கும். அம்பு யானையை எளிதில் வீழ்த்தாது என்பது கேட்போர் அறிந்ததாக இருந்தாலன்றி, ஓர் அம்பால் யானையை வீழ்த்தினான் என்பது வியப்பாகாது.

7. பண்டைய அம்பின் எடையை மதிப்பிடல்

இலக்கியம் எடையைக் கூறாதவிடத்துத் தொல்பொருள் உதவுமா என்பது அடுத்த வினா. ஆதிச்சநல்லூர் முதலிய இடங்களில் இரும்பு அம்புமுனைகள் கிடைத்துள்ளன. ஆயின் மரத்தாலோ மூங்கிலாலோ ஆன தண்டுகள் நம் மண்ணில் எளிதில் எஞ்சுவதில்லை. 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் நிலை இதற்கு மாறானது. அங்கு ஆயிரக்கணக்கான தண்டுகள் எஞ்ச, இரும்பு முனைகள் பெரும்பாலும் அரித்தழிந்தன.

முனையைக் கொண்டு தண்டை ஓரளவு மதிப்பிடலாம். குழலமைப்புடைய முனையாயின் குழலின் உள்விட்டம் தண்டின் விட்டத்தைக் காட்டும். எடுத்துக்காட்டாக, 9 மில்லிமீட்டர் விட்டமும் 75 செ.மீ. நீளமும் உடைய கெட்டி மூங்கில் தண்டின் எடை, கன சென்டிமீட்டருக்கு 0.7 கிராம் அடர்த்தியில் சுமார் 33 கிராம் ஆகும். 15 கிராம் முனை சேர்ந்தால் 48 கிராம். தண்டின் நீளம் எடுகோளாகவே நிற்பதும், துருவேறிய முனையின் இன்றைய எடை அதன் பழைய எடையாகாது என்பதும் இம்முறையின் குறைகள். எனினும் அகழாய்வு அறிக்கைகள் முனைகளின் நீளத்தோடு குழலின் உள்விட்டத்தையும் எடையையும் பதிவுசெய்யுமாயின், வேட்டை அம்பு, போர் அம்பு என்னும் பகுப்பை ஊகத்திலிருந்து அளவுக்கு நகர்த்த இயலும்.

முடிவுரை

பெருவிலங்கை எய்வோர் எடை மிக்க அம்பைத் தேர்வது, ஒரே வில்லின் ஆற்றலில் அது பெரும்பங்கைப் பெற்று, உடலின் தடையை எதிர்த்து நெடிது செல்லும் என்பதனால். அத்தேர்வுக்குத் தொலைவே விலை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இந்தியாவில் இவ்வறிவு வேட்டைக்கு உரியதன்று. பழம்பாடலைப் பயில்வதற்கு உரியது.

புறநானூறு 152ஆம் பாடலைப் பொறுத்தவரை, உந்தம் என்னும் கோட்பாட்டை வன்பரணர் அறிந்திருந்தார் எனக் கூற இடமில்லை. அம்பு ஓர் உடலைக் கடந்தபின் எவ்வளவு எஞ்சுகிறது என்பதைக் கண்ணால் கண்ட வேட்டைச் சமூகத்தின் பட்டறிவு அவர் பாடலுக்குள் வந்துள்ளது என்று கூற இடமுண்டு. மிகையை மெய்யெனக் கொள்வோர் பாடலின் கலையை இழக்கின்றனர். மிகையென ஒதுக்குவோர் அக்கலை ஊன்றி நிற்கும் நிலத்தை இழக்கின்றனர். சங்கப் பாடல்களில் வரும் வேட்டை, போர்ச் செய்திகளை அளவுகளோடு ஒப்பிட்டு, எது இயலும், எது இயலாது, இயலாதது எவ்வகையில் அமைக்கப்பட்டுள்ளது எனப் படிநிலையாக நோக்குவது இவ்விரு இழப்புகளையும் தவிர்க்கும் வழியாகும்.